கை பதிந்த சட்டி

சட்டியின் உட்புறத்தில், பெற்றிசியாவின் கை பதிந்திருந்த இடத்தில், சுண்டுவிரலின் அடியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. நேற்று ஈரச்சாக்கால் மூடும்போது அது இல்லை. இருந்ததோ? சுபாஜினி தன் கண்ணை நம்பிப் பழகியவளில்லை.

மாலை வகுப்பில் வனையக் கற்று, வீட்டின் தகரக்கூரைப் பின்பத்தியில் சக்கரம் வைத்து, கணவன் ரொபின்சனைக் கொண்டு வளவு மூலையில் செங்கல் சூளையும் கட்டியபின், உயிலங்குளத்து மண்ணில் அவள் வனைந்த முதல் சட்டி அது. ஐந்து வயது மகள் பெற்றிசியா ஆசைப்பட்டு உள்ளங்கையை அழுத்தியிருந்தாள். அவசரமாய்க் காய்ந்தாலும் வெடிக்கும், அவசரமாய் ஆறினாலும் வெடிக்கும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

"அம்மா, கை எரியுது."

வாசலில் பெற்றிசியா. சுண்டுவிரலின் அடியில் தோல் பிளந்து இரத்தம் வடிந்தது.

"எங்கை வெட்டினனீ?"

"நான் ஒண்டும் செய்யேல்லை. தானா வெடிச்சது."

சுபாஜினி குழைமண்ணைத் தொட்டுச் சட்டியின் வெடிப்பில் பூசினாள். மகளின் இரத்தம் நின்றது.

தற்செயலாக இருக்கலாம். அதனால் அன்று பின்னேரம், மகள் விறாந்தையில் படம் கீறிக்கொண்டிருந்தபோது, மண்ணில் பதிந்திருந்த உள்ளங்கையின் நடுவே ஊசி நுனியை மெல்ல இறக்கினாள். விறாந்தையிலிருந்து வந்த அலறலில் முருங்கையில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன.

அதன்பின் சோளகக் காற்றோடுதான் அவளுக்குப் போராட்டம். அது கடலிலிருந்து உப்பையும் அழுகிய சாதாழைக் கடற்புல்லின் வாடையையும் அள்ளிவந்து, பத்தியின் தகரத்தைக் கிறீச்சிட வைத்து, சாக்கின் ஈரத்தை நக்கி நக்கிக் குடித்தது. மண் காய்ந்தால் பிள்ளையின் உதடு வெடித்தது. மண் இளகினால் பிள்ளையின் முழங்கால் மடிந்தது.

"இஞ்சேரும், உம்மடை சட்டிக்கு இன்னும் ஞானஸ்நானம் முடியேல்லையோ?" என்றான் ரொபின்சன்.

"அதைத் தொடாதேங்கோ. தயவு செய்து."

"இப்பிடிப் பயந்தால் எப்ப சுடுறது?"

உண்மையைச் சொல்ல நினைத்தாள். தனக்கே பைத்தியம்போலக் கேட்டது. சாக்கை மறுபடியும் நனைக்கப் போனாள்.

வங்காலையில் பெரியம்மாவின் செத்தவீடு. சாக்கை நன்றாக நனைத்து மூடிவிட்டு விடியவே போனாள். பின்னேரம் ரொபின்சன் போன் எடுத்தான்.

"பிள்ளைக்கு மேல் கொதிக்குது. பனடோல் குடுத்தும் கேக்கேல்லை. கெதியா வாரும்."

"சட்டி எங்கை?"

"இப்ப அதுவோ முக்கியம்? வெயிலிலை காயவச்சுச் சூளையிலை வச்சு மூட்டிட்டன். உமக்குச் சந்தோசமா இருக்கட்டுமெண்டுதான்."

அணையுங்கோ என்று கத்த வாய் திறந்தாள். தண்ணீர் பட்டால் வெடிக்கும். வாயைப் பொத்திக்கொண்டாள்.

பள்ளிமுனையில் வீட்டு வாசலில் ஓட்டோவால் இறங்கும்போது கோயிலில் அந்திச் செபத்துக்கான திருந்தாதி மணி அடித்தது. மணியையும் மீறி வீட்டுக்குள் பிள்ளை அலறினாள். யன்னலால் பார்த்தாள். ரொபின்சனின் மடியில் பெற்றிசியா. கன்னம் சிவந்து கொப்பளித்திருந்தது. அவன் பிடித்த இடத்தில் தோல் கழன்று அவன் கையோடு வந்தது.

இரும்பு அலவாங்கை எடுத்தாள். சூளை வாயில் இடித்தாள். திரும்பவும். திரும்பவும். செங்கல் சரிந்து காலை நசுக்கியது. நெருப்பு முகத்தில் பாய்ந்தது. தலைமயிர் பொசுங்கியது.

உள்ளே சட்டி. சிவந்து. முழுதாக.

வெறுங்கையால் தூக்கினாள். தன் இறைச்சி கருகும் மணம் மூக்கில் ஏறியது. விடவில்லை. வீட்டுக்குள் அலறல் தணிந்தது. விம்மல். பிறகு, "அம்மா..."

பிள்ளை தப்பிவிட்டாள்.

சோளகம் வீசியது.

குளிர்ந்த காற்று. சட்டியை வயிற்றோடு அணைத்துக் குனிந்தாள். சேலை பற்றியது. இன்னும் இறுக்கி அணைத்தாள். ஆறக்கூடாது. ஆறவிடக்கூடாது.

டிக்.

சுண்டுவிரலின் அடியிலிருந்து ஒரு கோடு மணிக்கட்டு வரை ஓடியது. நின்றது. பிறகு விளிம்பு வரை.

வீட்டுக்குள் இப்போது ரொபின்சன் அலறினான்.

எரியும் சேலையோடு முழங்காலில் இருந்தபடி, இரண்டு பாதிகளையும் ஒன்றோடொன்று சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தாள் சுபாஜினி. சுட்ட மண்ணின் பிளவிலிருந்து இரத்தம் கொதித்துக் கொதித்து வந்துகொண்டே இருந்தது.