சிறுக்காமல் நின்றது

என் மாமியார் ஜானகி செத்தபோது எனக்கு அழுகை வரவில்லை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னைக் கரித்துக் கொட்டிய வாய் அது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்க்கப் போனபோது என்னைக் கிட்டே கூப்பிட்டு, ஏழு மாத வயிற்றில் கையை வைத்தார்.

“நான் எங்க போயிடுவேன்னு நெனச்ச? இங்கதான் வருவேன்.”

என்னோடு வந்திருந்த பக்கத்து வீட்டு சிசிலியா ஆண்ட்டி, “எவ்ளோ பாசம் பாரு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். துணிக்கு மேலேயே நகம் என் வயிற்றில் இறங்கியது அவருக்குத் தெரியாது. கையை எடுக்கும்போது மாமியார் சிரித்தார். அவரிடமிருந்து எப்போதும் வரும் யூக்கலிப்டஸ் தைல வாடை வீடு வரைக்கும் என் துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அடக்கம் மஸ்ஜித் தானா ஊருக்கு அப்பால், அவர் பிறந்து வளர்ந்த செம்பனைத் தோட்டத்து இடுகாட்டில். பிள்ளைத்தாய்ச்சி அங்கே காலை வைக்கக்கூடாது என்று என்னை புக்கிட் பெருவாங்கில் இருக்கும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு நிம்மதிதான். என் கணவர் கவிநேசனுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

“நீதான் மூத்த மருமக. வீடியோ கால்ல காட்டுறேன், கடைசியா ஒருதடவ கும்புட்டுக்கோ லா.”

நான் வேலை பார்ப்பது பத்து பெரண்டாம் என்ற ஊரில், காருக்குப் பின்னால் பொருத்தும் கேமராவைச் சோதிக்கும் இடத்தில். நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பேன். கேமரா விலக விலக எதிரில் இருப்பதெல்லாம் சிறுக்க வேண்டும். கிட்டே இருப்பது வேகமாக, தூரத்தில் இருப்பது மெதுவாக. நடக்கிற மனிதனுக்கு இது உறைப்பதில்லை. அவன் கண்ணில் தெருவே ஓடுகிறது. மூளைதான் அவனுடைய நடையைக் கழித்துவிட்டு, தெரு சும்மா நிற்கிறது என்று அவனை நம்பவைக்கிறது. கேமராவுக்கு அந்தப் பூசி மெழுகுகிற வேலை தெரியாது.

இதெல்லாம் எனக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம்.

மத்தியான வெயில் திரையில் வெள்ளையாக அடித்தது. கொழுந்தன் தனேஷ் போனைப் பிடித்திருந்தான். குழியை மூடிவிட்டார்கள். தோளில் குடத்தோடு சுற்றி வந்த கவியிடம் ஒரு பெரியவர் சொன்னது கேட்டது.

“கொடத்தப் பின்னால போடு தம்பி. திரும்பிப் பாக்காம நட. என்னா ஆனாலும் திரும்பாத.”

குடம் உடைந்தது. தனேஷ் போனை அண்ணன் கையில் கொடுத்தான். கவி அதைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தபடி நடக்க ஆரம்பித்தார்.

“முடிஞ்சிருச்சு ஷாந்தினி” என்று அழுதார்.

அவர் தோளுக்கு மேலே இடுகாடு தெரிந்தது. மண்மேடு, மாலைகள், மண்வெட்டியோடு நாலைந்து ஆட்கள். இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் திரைக்குள் புகுந்து பின்வாங்கின. அவர் நடக்க நடக்க எல்லாம் சிறுத்தது.

ஒன்று சிறுக்கவில்லை.

முதலில் பட்ட மரம் என்று நினைத்தேன். பிறகு அதன்மேல் சுற்றியிருந்த புடவை தெரிந்தது. காப்பிக்கொட்டை நிறம். பிணத்துக்கு உடுத்த நானே எடுத்துக்கொடுத்த புடவை.

அது காலை எடுத்து வைக்கவில்லை. கை அசையவில்லை. நின்றபடி நின்றது. பக்கத்து மரங்கள் குச்சியாகிப் போயின, அது மட்டும் அதே அளவில் இருந்தது.

“ஏங்க, நில்லுங்க.”

நின்றார். திரையில் எல்லாமே நின்றது.

“உங்க பின்னால யாராச்சும் வர்றாங்களா?”

“யாரும் இல்ல லா. சத்தமே இல்லையே. திரும்பிப் பாக்கவா?”

“வேணாம்!” என்று கத்திவிட்டேன். “வேகமா நடங்க. ரோட்டுக்குப் போயிடுங்க.”

அவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். மண்மேடு புள்ளியாகி மறைந்தது. ஆட்கள் மறைந்தார்கள். அது இப்போது பெரிதாகிக்கொண்டு வந்தது. அவர் தோளைத் தொட்டது. அவர் காதை மறைத்தது. வெயிலடித்த போன் திரையில் அவருக்கு எதுவும் தெரியவில்லை, வியர்வையைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

அது அவரைப் பார்க்கவே இல்லை.

என்னைப் பார்த்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு சோபாவில் உட்கார்ந்துகொண்டு, ஆரம்பத்திலிருந்து பின்னால் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

திரை முழுக்கக் காப்பிக்கொட்டை நிறத் துணி. அதற்குப் பின்னாலிருந்து கவியின் குரல் கேட்டது.

“ஷாந்தினி, என் மொகம் தெரியுதா? ஏன் அழுவுற?”

போனைக் கவிழ்த்துப் போட்டேன். பூட்டிய வீட்டில் தைல வாடை அடித்தது. காலையிலிருந்து உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை ஒரேயடியாக அடங்கிப்போனது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, என் மாமியாரைத் தவிர எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். பிறகு ஒரு உதை வந்தது, நகம் இறங்கிய அதே இடத்தில்.

கவி வாசல் குழாயில் குளித்துவிட்டு உள்ளே வந்தார். “சத்தியமா திரும்பவே இல்ல” என்றார். சாஸ்திரத்தைச் சரியாகச் செய்த நிம்மதி அவர் முகத்தில். நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

பெண் குழந்தை பிறந்தது. ஜானகி என்று பெயர் வைத்தார்கள். “பாட்டியே வந்து பொறந்துட்டா” என்று சொந்தமெல்லாம் கொஞ்சியது. வேண்டாம் என்று சொன்ன என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். எத்தனை தடவை குளிப்பாட்டினாலும் அவள் உச்சந்தலையில் அந்தத் தைல வாடை போகவில்லை. பெற்ற பிள்ளையைத் தூக்க எனக்குப் பயம். அதைவிட ஒரு தாய்க்கு என்ன தண்டனை வேண்டும்?

நேற்று வேலை இடத்திலிருந்து கவி வீடியோ காலில் கூப்பிட்டார். பாப்பா ஹாலில் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல், அடுப்படிக்கு நடந்தேன். திரையில் பின்னால் பார்ப்பதை அன்றோடு விட்டிருந்தேன்.

கவி சிரித்தார்.

“அடுப்புக்கிட்ட போறப்ப பாப்பாவ எறக்கி விடக்கூடாதா? எண்ணெ தெறிக்கும் லா. பாரு, தோள்ல சாஞ்சிக்கிட்டு போனையே பாத்துச் சிரிக்கிறா.”

ஹாலில் தொட்டில் ஆடும் சத்தம் கேட்டது.