கியர் இறங்கும் சத்தம்

ஒர்க்‌ஷாப் தரையெல்லாம் ரத்தம்!

ஏஞ்சல் வாசலிலேயே விறைத்துப்போய் நின்றாள்.

குப்புறக் கிடந்தார் பெத்துராஜ். சங்கரன்கோவிலில் அவளுக்கு ரேஸ் பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்த மெக்கானிக். தலைமாட்டில் அவருடைய மச்சினன் பிரின்ஸ். இடது கையில் கத்தி. வலது மணிக்கட்டு வீங்கித் தொங்கியது. சாகுமுன் பெத்துராஜ் ஸ்பேனரால் போட்ட ஒரே அடி!

"ஐயோ...!"

"கத்துன... உனக்கும் இதான்! இடத்த எழுதிக் குடும்னு எத்தன வாட்டி கேட்டேன்? முடியாதுன்னுட்டான். என் கை ஒடஞ்சு போச்சு... நீ பைக்க எடுட்டி!"

"எ... எங்க அண்ணாச்சி?"

"கரிவலம் தாண்டி ஒரு கெணறு இருக்கு. அங்கன எறங்கிக்கிடுதேன்."

கிணற்றடியில் அவனுக்கு என்ன வேலை? ஏஞ்சலுக்குப் புரிந்துவிட்டது. கொலையைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்!

ரேஸ் பைக் கிளம்பியது. பின் சீட் கையகலம். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. இடுப்பில் கத்தி முனை. மத்தியான வெயிலில் ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை.

முதல் வளைவு. பிரேக் பிடித்தாள். பிரின்ஸ் அவள் முதுகில் வந்து மோதினான். கத்தி சுருக்கென்று குத்தியது.

"ஏட்டி! என்னைத் தள்ளப் பாக்கியா?"

"இல்ல அண்ணாச்சி! ட்ராக்ல பழகுன கை... நேர் ரோட்லயே பிரேக் பிடிச்சு, கியர எறக்கிட்டுத்தான் வளைவுல சாய்ப்பேன். சாஞ்சப்புறம் பிரேக்க அமுக்குனா சறுக்கிரும்... ரெண்டு பேரும் போயிருவோம்!"

"அப்ப நான் என்ன செய்ய?"

"உங்களுக்காவ இனி கியர முதல்ல எறக்குதேன். சத்தம் கேட்டதும் பின்னால சாஞ்சுக்கிடுங்க. அப்புறம் பிரேக் பிடிக்கேன்."

இரண்டாவது வளைவு.

டக்!

பிரின்ஸ் பின்னால் சாய்ந்தான். பிரேக். வளைவு. மறுபடி இடுப்பில் கத்தி.

மூன்றாவது வளைவு.

டக்! சாய்ந்தான்.

"பரவால்லயே... நானும் ரேஸ்காரன் ஆயிருவேன் போலுக்கே!" சிரித்தான்.

கரிவலம்வந்தநல்லூரும் தாண்டிவிட்டது!

"அந்தா... குளத்துக்கரை வளைவு. தாண்டுனதும் நிறுத்து. கெணறு அங்கனதான் இருக்கு."

ஒரே ஒரு வாய்ப்பு. அதைத் தவறவிட்டால்... கிணறு!

வளைவுக்கு இன்னும் தூரம் இருந்தது.

டக்! டக்!

வழக்கம்போலப் பின்னால் சாய்ந்தான். கத்தி இடுப்பை விட்டு விலகியது.

பிரேக் வரவில்லை!

ஆக்ஸிலரேட்டரை முழுசாக முறுக்கினாள் ஏஞ்சல். எஞ்சின் அலறியது... முன்சக்கரம் எழும்பியது... பைக் பாய்ந்தது... பின் சீட் காலி!

நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். முள்ளுச் செடிக்குள் கிடந்தான் பிரின்ஸ். கால் கோணிக்கொண்டு கிடந்தது. கத்தி நடுரோட்டில். ஏஞ்சல் போட்ட கூச்சலில் மக்காச்சோளக் காட்டில் வேலை பார்த்தவர்கள் ஓடிவந்து அவனை அமுக்கினார்கள்.

போலீசுக்கு போன் போட்டாள். கண்ணில் நீர் முட்டியது.

பிரின்ஸ் முனகினான். "கியர எறக்குனியேட்டி... பிரேக் எங்க?"

"கியர எறக்குதது நிக்கதுக்கு இல்ல... வளைவு முடிஞ்சதும் வேகமா பாயுததுக்குன்னு பெத்துராஜ் அண்ணாச்சி சொல்லுவாவ. நான் பாதிப் பாடந்தான் நடத்துனேன்... அதுக்குள்ள நீங்க பரிட்சை எழுதிட்டீங்க!"