நிமிஷத்துக்கு ஆறு மூச்சு

அரிமளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்து, தைலமரக் காட்டுக்குள் மூன்று கிலோமீட்டர் போனாள் பரிமளா. காலை ஒன்பது மணிதான். ஆனாலும் வெயில் சுட்டது. ஒரு காலத்தில் கோழிப்பண்ணையாக இருந்த நீளமான கொட்டகை முன்னால் ஆட்டோ நின்றது. தகரக் கூரை, பக்கங்களில் கம்பி வலை, உள்ளே ஆறு செம்மறியாடுகள்.

பரிமளா கால்நடை டாக்டர். திருக்கோகர்ணத்தில் வீடு. ஒரு மருந்து கம்பெனி அவளை இரண்டு வார வேலைக்கு அமர்த்தியிருந்தது. லாரியில் ஏற்றும்போது மிரளும் ஆடுமாடுகளை அமைதிப்படுத்த அவர்கள் ஓர் ஊசி மருந்து கண்டுபிடித்திருந்தார்கள். மிரண்டு நிற்கும் ஆட்டுக்கு அதைப் போட்டால் ரத்த அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது, மூச்சு எவ்வளவு குறைகிறது என்று பார்த்து எழுத வேண்டும். மூன்று ஆடுகளுக்கு மருந்து. ஒப்பிட்டுப் பார்க்க, மற்ற மூன்றுக்கும் மருந்தில்லாத வெறும் உப்புநீர், சலைன்.

இதே சோதனையை முன்பு செய்தவர் அறிவுச்செல்வன் என்ற டாக்டர். "அவரு பாதியில விட்டுட்டுப் போயிட்டாரு மேடம்" என்று மேனேஜர் முத்துராஜ் போனில் சொன்னார். ஏன் போனார் என்று பரிமளா கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டார்.

ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் செல்லமுத்து வாசலில் நின்றார். ஐம்பது வயதிருக்கும். "வாங்க டாக்டரம்மா" என்றவர், அவள் முகத்தைப் பார்க்காமலே பையை வாங்கிக்கொண்டார்.

உள்ளே ஏழு அடைப்புகள் இருந்தன. ஆறில் ஆடுகள். கடைசி அடைப்பு காலி. அதன் தரை மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தது.

"இது ஏன் காலியா கெடக்கு?"

"அங்கிட்டு ஆடு நிக்காதுங்க."

"ஏன்?"

"நிக்காதுங்க" என்று மறுபடி சொல்லிவிட்டு, தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆடுகளை மினி லாரியில் ஏற்றி, மேடுபள்ளமான காட்டுப் பாதையில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்தார் செல்லமுத்து. இறங்கும்போது அவற்றின் கால்கள் வெடவெடத்தன. மூச்சு நிமிஷத்துக்கு எண்பது. பரிமளா ஊசிகளைப் போட்டாள். மருந்து ஏறிய மூன்றும் சற்று நேரத்தில் துவண்டு படுத்தன. ரத்த அழுத்தம் பாதிக்கும் கீழே சரிந்தது. அவள் எதிர்பார்த்ததைவிட மோசம்தான். ஆனால் அவளைத் திடுக்கிட வைத்தது மற்ற மூன்று ஆடுகள்.

சலைன் போட்டவையும் துவண்டு படுத்தன.

யாரோ சீசாக்களை மாற்றியிருக்கிறார்கள். மருந்துப் பெட்டியின் சாவி அவளிடமும் செல்லமுத்துவிடமும் மட்டுமே இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது, செல்லமுத்து வலைக்கு வெளியே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் புதுக்கோட்டையில் புது சலைன் பாட்டில் வாங்கிக்கொண்டு வந்தாள். அதைத் தன் தோள்பையை விட்டு எடுக்கவே இல்லை. அன்றும் ஆறு ஆடுகளும் ஒன்றாகவே படுத்தன. தீவனத்தில் எதையோ கலக்கிறான் இந்த ஆள் என்று அவள் முடிவு கட்டினாள். யாருக்காகச் செய்கிறான்? கம்பெனிக்காகவா, கம்பெனிக்கு எதிராகவா?

மூன்றாம் நாள் தீவனமே வேண்டாம் என்றாள். லாரிச் சவாரி முடிந்ததும் செல்லமுத்துவை வெளியே போகச் சொன்னாள்.

"தனியா இருக்காதீங்க டாக்டரம்மா."

"நீங்க போங்க."

கதவைச் சாத்திக் கொண்டி போட்டாள். ஆறு ஆடுகளுக்கும் சலைனையே போட்டாள். இன்று எந்த ஆட்டுக்கும் மருந்து இல்லை. மணி பதினொன்று. கூரை வெயிலில் படபடவென்று சத்தமிட்டுக்கொண்டிருந்தது.

பிறகு அந்தச் சத்தம் நின்றது. வெளியே தைலமர இலைகளும் அசையவில்லை.

ஆடுகள் ஆறும் கழுத்தைத் திருப்பி ஏழாவது அடைப்பைப் பார்த்தன.

அங்கே ஒன்றும் இல்லை.

ஒவ்வொன்றாக முன்னங்காலை மடக்கிப் படுத்தன. பரிமளா பக்கத்து ஆட்டிடம் மண்டியிட்டு, அதன் விலாவில் கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி மனசுக்குள் எண்ணினாள். முதல் நிமிஷம் இருபத்திரண்டு. அடுத்தது பதினாலு. அடுத்தது ஒன்பது.

"ஆறு."

அவள் வாயைத் திறக்கவில்லை.

ஆண் குரல். களைத்துப்போன குரல். காதுக்கு வெகு அருகில்.

"எழுதிக்க."

அவள் கைக்குக் கீழே விலா அசையாமல் நின்றது. தானும் வெகு நேரமாக மூச்சு விடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"செல்லமுத்து!"

கொண்டியை உடைத்துக்கொண்டு அவர் ஓடிவந்தார். இருவருமாக அந்த ஆட்டை வெளியே இழுத்து மர நிழலில் கிடத்தினார்கள். பரிமளா அதன் நெஞ்சை அழுத்தினாள், திரும்பத் திரும்ப அழுத்தினாள். செருமிக்கொண்டு அது தலையைத் தூக்கியது. மற்ற ஐந்தையும் செல்லமுத்து வெளியே கொண்டுவந்தார். வெளிக்காற்று பட்டதும் அவை எழுந்து நின்று, ஒன்றுமே நடக்காததுபோல் புல்லைக் கடித்தன.

"ஒங்களுக்கும் கேட்டுச்சா?" என்றார் செல்லமுத்து.

"யாரு அது?"

அவர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அறிவுச்செல்வன் சார் எங்கயும் போகலீங்க. அந்தக் கடைசி அடைப்புல, ஊசி போடுற நேரத்துல கெடா மெரண்டு துள்ளிருச்சு. ஊசி முழுசும் சாரோட தொடையில ஏறிருச்சு. சாரே பயந்துட்டாரு. மெரண்டவங்களுக்கு இது ஆகாது, மூச்ச அமுக்கிரும்னு அவருக்குத்தான் தெரியுமே. நான் ஆம்புலன்சுக்குப் போன் போடப் போனேன். மொதல்ல மேனேஜர்கிட்ட சொல்லுன்னாரு சார். மேனேஜர், யாரையும் கூப்புடாத, நான் வாரேன்னாரு. நானும் நின்னுட்டேங்க. அரை மணி நேரம் நின்னுட்டேன். சார் தன்னோட மூச்சத் தானே எண்ணி எண்ணிச் சொன்னாரு. எழுதிக்க, எழுதிக்கன்னாரு. கடைசியாச் சொன்னது ஆறு."

"எழுதினீங்களா?"

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காலண்டர் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பின்பக்கத்தில் கோணல்மாணலாக எண்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மணி.

"மாரடைப்புன்னு சொல்லி எடுத்துட்டுப் போனாங்க. எனக்கு வாயத் தொறக்கத் தைரியமில்ல."

இரண்டு நாளாக இந்த மனிதரைத்தான் சந்தேகப்பட்டோம் என்று நினைத்தபோது பரிமளாவுக்குக் கூசியது.

அன்று மாலையே அறிக்கை எழுதினாள். மிரண்ட விலங்குக்கு இந்த மருந்து ஆபத்து என்று தெளிவாகச் சொன்னாள். காலண்டர் தாளையும் படம் எடுத்து இணைத்து, கம்பெனிக்கும், விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் குழுவுக்கும், போலீசுக்கும் அனுப்பினாள். முத்துராஜ் போனில் மிரட்டினார், பிறகு கெஞ்சினார். அவள் போனை வைத்துவிட்டாள். ஒரு வாரத்தில் சோதனை நிறுத்தப்பட்டது. செல்லமுத்து ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தார். கொட்டகைக்குச் சீல் வைத்தார்கள்.

ஆறு ஆடுகளையும் பரிமளாவே கேட்டு வாங்கி, கொடும்பாளூரில் தனக்குத் தெரிந்த விவசாயி திருப்பதியிடம் வளர்க்கக் கொடுத்தாள். அன்று இரவுதான் பல நாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினாள்.

ஆடுகளைக் கொடுத்த நான்காம் நாள் மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திருப்பதியிடமிருந்து போன் வந்தது.

"ஆடெல்லாம் சொகமா இருக்கா திருப்பதி?"

"நல்லா மேயுதுங்க. அதுக்கில்ல, நீங்க அனுப்புன டாக்டரு எப்பங்க திரும்புவாரு? அவருக்கும் சேத்து ஒலை வைக்கணுமான்னு வீட்டுல கேக்குறாங்க."

"நான் யாரையும் அனுப்பலையே."

"காலையிலேயே வந்துட்டாருங்களே! ஒவ்வொரு ஆட்டு வயித்துலயும் கைய வச்சுப் பாத்தாரு. டீ குடுத்தோம், தொடல. எம் மக காய்ச்சல்ல படுத்துக் கெடக்கா, பயந்து பயந்து முழிக்கிறா. அதச் சொன்னேன். இப்ப அவகிட்டதான் உக்காந்திருக்காரு."

பரிமளாவின் கையிலிருந்து சோறு உதிர்ந்தது.

"திருப்பதி, பிள்ளையத் தூக்கிட்டு வெளிய ஓடுங்க. ஒடனே!"

"எதுக்குங்க?" என்று சிரித்தார் அவர். "ராத்திரியெல்லாம் அனத்துனவ, அவரு கைய வச்சதும் அடங்கிட்டாளே."