துண்டுக்குள் முடிந்த போர்

கோட்டை விழுந்தால் தேஜா செத்துப்போவான்.

நிஜத் தேஜாவுக்கு ஒன்றும் ஆகாது. பிந்துவின் எட்டு வயதுத் தம்பி அவன். நகத்தைக் கடித்தபடி அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். சாகப்போவது விளையாட்டில் அவன் ஏற்றிருந்த குதிரைவீரன். ஆனால் செத்தவனுக்கு முழுப்பரீட்சை லீவு முடியும்வரை ஆட்டத்தில் இடமில்லை. அது ஆட்டத்தை நடத்தும் கிருபாசங்கர் போட்ட சட்டம். தேஜாவோ அந்த வீரனுக்குக் குதிரையோடு சேர்த்துப் பேர் வைத்து, சாப்பிடும்போதுகூட அவன் நினைப்பாகவே இருந்தான்.

கருமத்தம்பட்டியில், கிருபாசங்கர் வீட்டு நூல் மூட்டை அறையில் ஆட்டம் நடந்தது. பெங்களூரில் படிக்கும் அவன் மாமா கற்றுத்தந்த ஆட்டம். பலகை இல்லை, காய் இல்லை. ஆளுக்கொரு வீரனாக மாறி, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். அது நடக்குமா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும்.

கதையை நடத்துகிறவன் கிருபாசங்கர். எட்டாம் வகுப்பு முடித்தவன். வரலாறு என்றால் உயிர். நிஜப் போரில் நடக்காத எதையும் உள்ளே விடமாட்டான். பக்கத்து வீட்டு மிதுன் புலிமேல் ஏறி வருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தான், குதிரைகூடக் கிடைக்கவில்லை. நேற்று அவன் வீரனுக்குக் காலில் அம்பு பட்டு, புண் சீழ் வைத்து, ஆள் காலி. இன்று எதிரிப் படைக்குத் தகர டப்பாவில் முரசு அடித்துக்கொண்டிருந்தான். செத்தவனுக்கு இவ்வளவு உற்சாகம் ஆகாது.

கோட்டைத் தலைவி பிந்து. உள்ளே இருநூறு பேர், வெளியே ஐயாயிரம் பேர். பொழுது விடிந்தால் தாக்குதல். பகடையில் பத்தொன்பதுக்குக் குறைந்தால் கோட்டை போச்சு என்றான் கிருபாசங்கர்.

தேஜா பகடையைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தான். அது இன்னும் மோசம். பகடையை உருட்டாமல் உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு பிந்து கேட்டாள்:

"ஏனுங்ணா, ஐயாயிரம் பேருக்கும் சோறு எங்கிருந்து வருதுங்க?"

கிருபாசங்கருக்கு முகம் மலர்ந்தது. படைக்குப் பின்னாலேயே வியாபாரிகள் பொதிமாடுகளில் தானியம் கொண்டுவந்து விற்பார்கள், அவர்கள் எந்த ராஜாவுக்கும் ஆள் இல்லை என்று நீட்டி முழக்கி விளக்கினான்.

"அந்த மாட்டுக்குத் தண்ணி? சித்திரை மாசம்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

முரசு நின்றது. பக்கத்தில் இருந்த ஒரே ஏரியும் கோட்டைச் சுவருக்குள் இருப்பதாகச் சொல்லி வைத்தவன் கிருபாசங்கரே.

மாடுகள் நாக்கு வறண்டு நிற்பது பிந்துவின் கண்முன் வந்தது. எது எப்படிப் போனாலும் மாடு என்ன பாவம் செய்தது? மாடுகளுக்கு ஏரியைத் திறந்துவிடுகிறேன், பதிலுக்கு வியாபாரிகள் தானியத்தோடு கிளம்பிவிட வேண்டும் என்றாள்.

நடக்கக்கூடியதுதான் என்று கிருபாசங்கர் ஒத்துக்கொண்டான். "வியாபாரிங்க தலைவன் சம்மதிக்கறானான்னு உருட்டு."

"சந்தையில யாருங்ணா பகடை உருட்டி யாவாரம் பேசறாங்க?"

பிந்துவின் அப்பா ராமுலு மாட்டுத் தரகர். கொடியில் கிடந்த துண்டை எடுத்துக் கைமேல் போட்டு நீட்டினாள் அவள். மாட்டுச் சந்தையில் விலையை வாய் சொல்லாது. துண்டுக்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. எதிரி ராஜாவுக்குத் தெரிந்தால் தலைவனின் தலை போய்விடுமே, அதனால் இதுதான் நிஜம் என்றாள்.

நிஜம் என்றபிறகு கிருபாசங்கர் என்ன செய்வான்? தலைவனாக மாறித் துண்டுக்குள் கையை விட்டான்.

பத்து மாட்டில் எத்தனை மாடு கிளம்பும் என்பது பேரம். அவன் ஒரே ஒரு விரலைப் பிடித்தான், பத்துக்கு ஒன்று. பிந்து அப்பாவைப் போலவே கூரையைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கையை உருவப் போனாள். அவன் விடவில்லை. விட்டிருந்தால்? பிந்து பயத்தை முகத்தில் காட்டவில்லை.

துண்டு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. தேஜாவுக்கு நகமெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. மிதுன் துண்டுக்கு அடியில் குனிந்து பார்க்க, பேரம் பேசிய இருவரும் சேர்ந்து அவனை முறைத்தார்கள்.

கடைசியில் கிருபாசங்கர் கையை எடுத்தான்.

"எதிரிப் படையில உலை வெக்க அரிசி இல்ல," என்றான் மெல்ல. "ராஜா கூடாரத்தப் பிரிச்சுப்போட்டு ஊரப் பாக்கப் போயிட்டான்."

தேஜா விட்ட மூச்சு நூல் மூட்டைக்குப் பின்னால்வரை கேட்டது. ஓர் அம்புகூட விடாமல் இதெல்லாம் ஒரு போரா என்று மிதுன் முணுமுணுத்தான். உயிரோடு இருந்த யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் தேஜா நச்சரித்தான். "அக்கா, எத்தன மாட்டுக்கு முடிச்சே?"

"அது துண்டுக்குள்ள பேசினது கண்ணு," என்றாள் பிந்து. "வெளிய சொல்றதில்ல."