இரண்டாம் டேக்

படப்பிடிப்புக்கு வந்ததும் கழுத்தில் உணர்பட்டை கட்டிக்கொள்வது இசக்கியப்பனுக்குப் பல் துலக்குவதுபோலப் பழகிவிட்டது. நாயகனுக்குள் என்ன ஓடினாலும் பட்டை பிடித்துக்கொள்ளும். தியேட்டரில் அதேபோன்ற பட்டையோடு உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வலியும் ஆத்திரமும் அப்படியே போய்ச் சேரும்.

பட்டை வந்ததும் பெரிய நடிகர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. முகத்தில் ரௌத்திரம், உள்ளே மதியச் சாப்பாட்டு நினைப்பு என்றால் ஜனங்கள் பட்டையைக் கழற்றி வீசினார்கள். நிஜமாக விழுந்து எழத் தெரிந்தவன் யார் என்று தேடியபோது ரெஸ்லிங் மேடைக்காரர்கள் அகப்பட்டார்கள். காசிமேட்டு அரங்கில் வருடக்கணக்காக வில்லனாக மோதி, பேசி வைத்தபடி தோற்றுக்கொண்டிருந்த இசக்கியப்பன் ஆக்‌ஷன் ஹீரோ ஆனது இப்படித்தான். அங்கே தினமும் ஜெயித்த லூர்துராஜுக்கு இந்தப் படத்தில் வில்லன் வேடம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவனும் லூர்துதான்.

படம் வெளியாகும் முன் சிலருக்குப் போட்டுக் காட்டியபோதுதான் வில்லங்கம் வந்தது. கிளைமாக்ஸில் இசக்கியப்பன் லூர்துவைத் தூக்கி அடிக்கிறான். பார்த்தவர்கள் கொதிக்க வேண்டாமா? பக்கத்து இருக்கைக்காரரின் தோளைத் தடவிக்கொடுத்தார்கள். ஒருவர் அழவே செய்தார்.

இயக்குநர் மிருணாளினி தலையைப் பிய்த்துக்கொண்டாள். "அடிக்கிறப்போ மனசுல என்னதான் ஓடுது, சார்?"

"அவன் இடது தோளு. போன வருசம் விலகிட்டு. அந்தப் பக்கமா விழாம பாத்துக்கிடணும்லா?"

"சண்டையில யாராவது அதை நினைப்பாங்களா?"

"பின்ன? என்னை நம்பித்தானம்மா அவன் உடம்பைக் குடுக்கான்." இசக்கியப்பனுக்கு அவள் கேள்வியே விளங்கவில்லை. எதிராளி நாளைக்கும் மேடை ஏற வேண்டும் என்பதுதான் அவன் தொழிலில் முதலில் சொல்லித் தருவது.

அவள் ஒரு சிறிய ஸ்ப்ரேயை நீட்டினாள். கரிசனத் தணிப்பி. மூக்கில் அடித்துக்கொண்டு மறுபடி எடுக்காவிட்டால் படம் வெளிவராது, இருவருக்கும் சினிமா அதோடு சரி என்றாள். இசக்கியப்பன் லூர்துவைப் பார்த்தான்.

"அடிச்சுக்கோண்ணா. நான் வுழாத வுழுகையா?" என்றான் லூர்து.

அடுத்து நடந்தது இசக்கியப்பனுக்கு அரைகுறையாகத்தான் நினைவிருந்தது. லூர்துவின் இடது தோளெலும்பு முறிந்தது. மருந்தின் வேகம் இறங்கியதும் ஆஸ்பத்திரிக்கு ஓடி, கட்டில் பக்கத்தில் நின்று தேம்பினான்.

"மருந்து பண்ணதுக்கு நீ இன்னாண்ணா பண்ணுவ?" என்று லூர்துதான் தேற்றினான். இசக்கியப்பனும் அப்படியே நம்பினான்.

முதல் காட்சிக்கு இருவரும் பட்டை கட்டிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கிளைமாக்ஸ் வந்தது. இசக்கியப்பனின் அடிவயிற்றிலிருந்து ஒரு சூடு ஏறியது. அது புதிதாக இல்லை. ஊரே லூர்துவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட, தான் மட்டும் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்ட இரவுகளின் சூடு. இவன் எழுந்திருக்கவே கூடாது என்கிற சூடு. தியேட்டர் முழுக்க, "கொல்லு! கொல்லு!" என்று அலறியது. அவன் பயந்துபோய்த் திரும்பினான். லூர்து மட்டும் கத்தவில்லை.

வெளியே வந்ததும் மிருணாளினியைப் பிடித்துக்கொண்டான். "அந்த மருந்துல கோவத்தையும் கலந்திருந்தியளாம்மா?"

"சேச்சே! அது கரிசனத்தைத் தணிக்கும், அவ்வளவுதான். கோபம் ஒரிஜினல் சார், உங்களோடது! பிரமாதம்!" என்று கைகொடுத்துவிட்டுப் போனாள்.

பின்னால், தோள்கட்டோடு லூர்து நின்றிருந்தான்.

"எத்தினி வருசமாண்ணா?"

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான் இசக்கியப்பன். உண்டா இல்லையா என்று அவனுக்கே குழப்பமாக இருந்தது. லூர்துவுக்கு எந்தக் குழப்பமும் இல்லை.