கிழக்குக் கரையில் பொன்வெயில்

நாட்டு மக்களின் மேலான கவனத்துக்கு: அடுத்த இரண்டு நாட்களுக்கு இந்தப் பரந்த தேசத்தின் வானம் முழுவதும் அரசின் கட்டுப்பாட்டில் இருக்கும். வடக்கு மலைகளில் இளம்பனி. நடுச் சமவெளியில் இலைகள் ஒழுங்காக உதிரும். மேற்கில் அளவான மழை. கிழக்குக் கரையில் பொன்வெயில்.

மாலைச் செய்தியில் இதைக் கேட்டுவிட்டுக் கிழக்குக் கரைப் படகுகள் கடலுக்குப் போயின. விடிவதற்குள் புயல் வந்தது. ஏழு பேர் பிணமாகக் கரை ஒதுங்கினார்கள்.

அன்று மதியத்துக்குள் வானிலைத் தலைமையகம் குற்றவாளியைப் பிடித்துவிட்டது. முந்தின நாள் பணியில் இருந்த கணிப்பாளர், ஒரு பெண். "கவனக்குறைவு," என்றார் இயக்குநர், கேமரா முன்னால் கண்ணைத் துடைத்தபடி. செத்த ஏழு பேரில் ஒருவன் அந்தக் கணிப்பாளரின் சொந்தத் தம்பி என்பதை அவர் சொல்லவில்லை. விசாரிக்க அவருக்கு நேரம் இருந்திருக்காது.

இன்ஸ்பெக்டர் அவள் வீட்டுக்குப் போனபோது தம்பியின் மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"வெயில்னு போட்டது நீங்கதானே அண்ணி? 'எங்க அக்காவே சொல்லிட்டா, அப்புறம் என்ன பயம்'னுட்டுதான் அவர் கெளம்பிப் போனார். இந்த வீட்டுக்குள்ள நீங்க வராதீங்க."

கணிப்பாளர் தன் வீட்டுக்கு வெளியே, படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆபீஸ் வரைபடத்துல புயல் தகட்ட வெச்சீங்களா, இல்லையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வெச்சேன் சார். வெச்சுட்டு, அறையைப் பூட்டிட்டு வந்தேன். அஞ்சு மணிக்குக் கேமரா தானாப் படம் எடுத்து எல்லா டிவிக்கும் அனுப்பிடும்."

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு. தகடு பராமரிக்கிறவர்கிட்ட ஒண்ணு. இயக்குநர்கிட்ட ஒண்ணு."

இன்ஸ்பெக்டர் அந்தப் படத்தை நீட்டினார். சுவர் முழுக்க இரும்பு வரைபடம், அதில் காந்தத் தகடுகள். கிழக்குக் கரையில் மஞ்சள் சூரியன். அதை ஒட்டிக் காற்றைக் குறிக்கும் ஒரு குச்சித் தகடு, ஓரத்தில் ஐந்து இறகுகளோடு. டிவிக்காரர்களுக்குச் சூரியனும் மேகமும்தான் கணக்கு, இறகெல்லாம் அலங்காரம். கணிப்பாளரும் சூரியனைத்தான் பார்த்தாள். பார்த்ததும் படத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"இத நான் வெக்கல."

தகடு பராமரிப்பவர் தலைமையகத்தில் சூரியன்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் குச்சி என்னய்யா?"

"அஞ்சு இறகா? அதப் பாத்தா எங்க வீட்டுல கொடியில கெடக்கிற துணிய எடுத்துட்டு, கூரைக்கும் கயிறு கட்டுவோம் சார். என்னைச் சந்தேகப்படுறீங்களா? படுங்க. இந்த ஆபீஸ்ல மாட்டறதுக்குன்னே ஒரு சாதி உண்டு, நாங்கதான்."

இயக்குநரின் அறை மாடியில். கோழி வளர்ப்புத் துறையிலிருந்து பதவி உயர்வில் வந்தவர். எந்த அறிக்கையையும் 'சுபிட்சம்' என்றே முடிப்பதால் ஊழியர்கள் வைத்த பெயரும் அதுவே.

"ஆறு வருஷமா இந்த தேசத்தோட வானத்தையே நான்தான் நிர்வாகம் பண்றேன்," என்றார் சுபிட்சம்.

"அப்படின்னா இந்தத் தகட்டைப் பத்தியும் சொல்லுங்களேன்."

"அதுவா? மென்காற்று. இறகால வருடற மாதிரி. இறகு கூடக் கூட இதம் கூடும். சாதாரண ஜனங்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் புரியாது."

"எனக்கு இப்பதான் புரிஞ்சுது. கீழே வாங்க."

வரைபட அறையில் மூன்று சாவிக்காரர்களும் நின்றார்கள். இன்ஸ்பெக்டரின் குரல் உயரவில்லை.

"அரை இறகுன்னா மெல்லிய காத்து. அஞ்சு இறகுன்னா புயல். வேலை தெரிஞ்சவன் எச்சரிக்கையை மறைக்கணும்னா, சூரியனை ஒட்டின கையோட இறகையும் மாத்தியிருப்பான். பொன்வெயிலுக்குப் பக்கத்துல புயல்காத்த யார் விட்டுவைப்பான்? அது என்னன்னே தெரியாதவன். சாவி வெச்சிருக்கிற மூணு பேர்ல அது நீங்க ஒருத்தர்தான் சார்." பிறகு கணிப்பாளர் பக்கம் திரும்பினார். "நீங்க வெச்ச எச்சரிக்கை பாதி அங்கேயேதாம்மா இருந்துது. படிக்கத்தான் ஆளில்ல."

சுபிட்சம் நாற்காலியைத் தேடினார். யாரும் நகர்த்திப் போடவில்லை.

"அமைச்சர் கடற்கரைப் பூங்கா திறக்கிறதா இருந்துது. புயல்னா கூட்டம் வருமா? எனக்குப் பதவி நீட்டிப்பு வேற... எத்தனையோ கணிப்பு பொய்யாப் போயிருக்கு. இதுவும் போயிடும்னு நெனச்சேன்."

"எங்க வீட்டு வாசல்ல ஒருத்தி நிக்கிறா," என்றாள் கணிப்பாளர். "இத அவகிட்ட வந்து சொல்லுங்க. கண்ணத் தொடைக்காம சொல்லுங்க."

ஜீப் முதலில் அங்கேதான் போனது. இயக்குநர் 'இயற்கையின் சீற்றம்' என்று ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டர் பார்த்த பார்வையில் மீதியை ஒழுங்காகச் சொன்னார். தம்பியின் மனைவி முழுதும் கேட்டாள். பிறகு கணிப்பாளரின் கையைப் பற்றி உள்ளே இழுத்துக்கொண்டு, அந்த ஆள் முகத்தில் கதவைச் சாத்தினாள்.

பூங்கா திறப்பு விழா, பொன்வெயில் அறிவிப்பு மாலையில் வெளியாவதற்கு முன்பே, அன்று மதியமே ரத்தாகியிருந்தது. அமைச்சருக்கு ஜலதோஷம்.