பட்டாணி அளவு தங்கம்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பத்து வயது ஓர்லா அப்படித்தான் போடுவாள். அதுவும் அவள் போடுவது தங்கம்!

விடுமுறை நாட்களில் காலையில் வாசல் திறப்பதற்கு முன் ஒரு சின்ன ஜாடியோடு ஓடைக்கு வருவாள். தங்கப் பொடியில் மூன்று சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் தூவுவாள். பிறகு மெல்பர்னிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். மணலைத் தட்டில் அள்ளி அலசி, மினுக்கும் ஒரு பொட்டு கிடைத்தால் துள்ளிக் குதிப்பார்கள். 'கிடைத்தது உங்களுக்கே' என்று கரையில் பலகையே வைத்திருந்தார்கள்.

காக்கட்டூ ஓடை அப்படிப்பட்ட ஊர். நூற்றெழுபது வருடங்களுக்கு முன்பு தங்கம் தோண்ட ஓடிவந்தவர்களின் கூடாரம், கொல்லன் பட்டறை, மிட்டாய்க் கடை என்று எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக அச்சு அசலாகத் திரும்பக் கட்டியிருந்தார்கள். அந்தக் காலத்தில் கிடைத்த ஏழு தங்கத் துண்டுகளை வைத்த ஒரு சின்ன மியூசியமும் இருந்தது. வேலை செய்கிறவர்களும் அந்தக் கால உடுப்பில்தான் இருப்பார்கள். ஓர்லாவின் அப்பா நோயலுக்கு அங்கே சிவப்புக் கோட்டு போலீஸ் சார்ஜெண்ட் வேடம். தினமும் இரண்டு மணிக்கு, "தோண்ட லைசென்ஸ் இருக்கா?" என்று அதட்டிக்கொண்டு வருவார். இல்லாதவரை ஒரு பெரிய மரக்கட்டையோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டுவார். அவர் தலை தெரிந்ததும் மண்மேட்டில் ஏறி, "ஜோ! ஜோ!" என்று கத்த வேண்டியது ஓர்லாவின் வேலை. போலீஸ் வந்தால் அந்தக் காலத்து ஆட்கள் அப்படிக் கத்தித்தான் ஒருவரை ஒருவர் உஷார்ப்படுத்துவார்களாம்.

அன்றைக்கு முதல் ஆளாக வந்தவள் மிலேனா. ஸ்லோவாக்கியாக்காரி. திராட்சைத் தோட்டத்தில் பழம் பறித்துச் சேர்த்த காசில் ஊர் சுற்றுகிறவள். முதுகில் அவளைவிடப் பெரிய பை. அதை வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னதற்கு, தன் வீடே அதுதான் என்று சிரித்துவிட்டுச் சுமந்துகொண்டே வந்தாள். ஓர்லாவுக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. தட்டை எப்படிச் சாய்ப்பது, எப்படிச் சுழற்றுவது என்று சொல்லிக்கொடுத்தாள். மிலேனா தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவளுக்குக் கொடுத்தாள்.

மதியம்வரை ஒரு பொட்டுகூடக் கிடைக்கவில்லை. மிலேனா விடுவதாக இல்லை. யாரும் போகாத வளைவுக்குப் போய் அங்கே அலசினாள்.

"ஓர்லா, இங்க பாரேன், இது என்ன?"

தட்டின் ஓரத்தில் பட்டாணி அளவில் மஞ்சளாக ஒன்று கிடந்தது. ஓர்லா எடுத்துப் பார்த்தாள். நல்ல கனம். அவளுடைய ஜாடியில் இத்தனை பெரிய துண்டு ஒருநாளும் இருந்ததில்லை.

சேதி பரவி, கூட்டம் கூடி, கடைசியில் மேனேஜர் ப்ரூவெட்டும் வந்துவிட்டார். அந்த ஊரில் டையும் பளபளக்கும் ஷூவும் போட்டவர் அவர் ஒருவர்தான்.

"இந்த ஓடையில ஏது தங்கம்? எல்லாம் நாம தூவுறதுதானே!" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். வந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. "இது நம்ம மியூசியத்துல இருந்து எடுத்தது. ஊர் சுத்திக்கிட்டு வர்றவங்களை எனக்குத் தெரியாதா? பையைத் திறம்மா."

மிலேனாவின் முகம் சிவந்துவிட்டது. ஓர்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை பேர் முன்னால் ஒருத்தியைத் திருடி என்பதா? இருவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"தூவுறது நான்தான். வெறும் பொடிதான் தூவுறேன். இது ஓடையோட தங்கம். மியூசியத்துல ஏதாவது குறையுதான்னு பாத்தீங்களா?"

அவர் பார்க்கவில்லை. சின்னப் பிள்ளைக்கு இதில் என்ன வேலை என்று சீறிவிட்டு, கூட்டத்தோடு வந்து நின்ற நோயலிடம் பையைப் பிரிக்கும்படி சொன்னார். அப்பா தயங்கித் தயங்கிப் பையின் வாரில் கையை வைத்தார். அப்பாவுமா!

மணி இன்னும் இரண்டு ஆகவில்லை. ஆகாவிட்டால் என்ன? ஓர்லா மண்மேட்டில் ஏறினாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஜோ! ஜோ!"

கொல்லர் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். மிட்டாய்க் கடைக்கார ஹெஸ்டர் கையில் கரண்டியோடு வந்தாள். பஸ்ஸில் வந்தவர்களும் சேர்ந்துகொண்டு, "ஜோ! ஜோ!" என்று கத்தினார்கள். மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டியது.

"மியூசியத்தைப் பாத்துட்டு வாங்க," என்றாள் ஓர்லா மேலேயிருந்து. "அதுவரைக்கும் அந்தப் பையை யாரும் தொடக்கூடாது. நீங்களும்தான்பா."

அப்பா கையை எடுத்துவிட்டார். "என் பொண்ணு சொல்றதுதான் சரி," என்றார்.

மேனேஜரிடம் சாவியை வாங்கிக்கொண்டு ஹெஸ்டர் ஓடினாள். மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். கண்ணாடிப் பெட்டியில் ஏழு துண்டும் அப்படியே இருக்கின்றன, பூட்டின் மேல் படிந்த தூசிகூடக் கலையவில்லை என்றாள்.

அப்பா சிவப்புக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கா?"

மேனேஜர் பாக்கெட்டைத் தடவினார். பேனாதான் இருந்தது. அடுத்த நிமிடம் பளபளக்கும் ஷூவோடு அவர் மரக்கட்டையில் கட்டுண்டு கிடந்தார். அங்கிருந்தபடியே மிலேனாவிடம் மன்னிப்பும் கேட்டார். அவளும் மன்னித்தாள். ஆனால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்ட பிறகுதான்.

மறுநாள் காலை. பட்டாணித் தங்கத்தை ஒரு காலுறைக்குள் முடிந்துகொண்டு மிலேனா வடக்கே போயிருந்தாள். ஓர்லா வழக்கம்போல ஜாடியோடு ஓடைக்கு வந்தாள்.

யாரும் போகாத வளைவில் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். முழங்கால்வரை சுருட்டிவிட்ட பேண்ட், தோளுக்குப் பின்னால் தூக்கிப்போட்ட டை, கையில் தட்டு. மேனேஜரேதான்!

ஓர்லா ஜாடியைக் கீழே வைத்துவிட்டு, சத்தமில்லாமல் மண்மேட்டில் ஏறினாள். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள்.

"ஜோ!"